கிணற்றுத் தண்ணீரில் அலசிய படங்கள்

தம்பி,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த படங்களும் வந்து சேர்ந்தன. சென்னையில் நண்பர்கள் ஞாயிறுதோறும் ஒரு அறையில் கூடி, ஒருவர் எடுத்த படத்தை மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களில் ஒருவர்கூட இதுவரை உன் படத்தைக் குறை சொன்னதில்லை என்றும், அந்தத் தைரியத்தில் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போகப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். உன் அப்பா படித்துவிட்டு, "போகட்டுமே, நல்லாத்தானே எடுக்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்ப்பேன், கடைக்காரர் தானாக ஒன்று கூடப் போட்டால் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். இந்தக் குணத்தைச் சொல்லி நீயும் உன் தங்கையும் சிரித்திருக்கிறீர்கள். இது பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருப்பீர்கள். பாதி அப்படித்தான். மீதிப் பாதி எங்கே வந்தது என்பதை உனக்கு நான் சொன்னதில்லை.

என் பிறந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மதுரையில் படித்து முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்தேன். என் அய்யாவுக்கு, உன் தாத்தாவுக்கு, வேடசந்தூர்ப் பக்கம் கத்தரியும் வெங்காயமும்தான் வெள்ளாமை. வாரத்தில் இரண்டு நாள் காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வரும்போது, நானும் வயதான என் அத்தையும் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். என்னோடு படித்த ஒருத்தி கல்யாணமாகி மலேயாவுக்குப் போனபோது, தன் பெட்டிக் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத எனக்கு அது பெரிய துணையாக இருந்தது. கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள்.

பிலிம் வாங்கப் போகிற ஸ்டுடியோவின் சொந்தக்காரர் குருசாமி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்டுடியோவின் பின்னறையில் படம் எடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். என்னையும் வரச் சொன்னார். அவருடைய மனைவி உள்ளே காபி போட்டுக்கொண்டிருப்பார் என்பதால் அய்யா சம்மதித்தார். அங்கே குருசாமி வைத்திருந்த ஒரு முறையைச் சொல்ல வேண்டும். எல்லாரும் நெகடிவ் எந்த அளவோ அந்த அளவிலேயே அச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டும். பின்னால் பெயர் எழுதக் கூடாது. வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். குருசாமி டின்னைக் கலக்கி, கறுப்பு அட்டையில் ஒவ்வொன்றாகச் செருகி எல்லார் கையிலும் கொடுப்பார். பூதக்கண்ணாடி சுற்றி வரும். எடுத்தவரும் தன் படத்தைப் பற்றி, யாரோ எடுத்தது போலக் கருத்துச் சொல்ல வேண்டும். கடைசிவரை யாருடையது என்று வெளியே வராது. படத்துக்குத்தான் பேச்சு, ஆளுக்கு இல்லை என்பார் குருசாமி.

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முகம் தெரியாமல் ஒரு சபையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஆனால் மூன்றாவது கூட்டத்திலேயே அடி விழுந்தது. வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த ராமையா என்று ஒருவர், சைக்கிளிலேயே வருவார், யாரையும் விட மாட்டார். நான் எடுத்திருந்த பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மரம் நிக்குது சரி. எடுத்தவரு எங்கப்பா, தூங்கப் போயிட்டாரா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன். பிறகு நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குருசாமியின் மனைவி வீட்டுக்கு வந்து கூப்பிட்ட பிறகுதான் மறுபடி போனேன்.

மறுபடி போனபோது எல்லாம் மாறியிருந்தது. என் படம் கைக்கு வரும்போதெல்லாம் "நல்லாருக்கு" என்றார்கள். ராமையாகூட, "வெளிச்சம் செத்த கூட இருக்கலாம், மத்தபடி நல்லாருக்கு" என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னவர் வடமதுரையில் வாத்தியாராக இருந்த தங்கராசு. என் படம் வந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த இடத்தில் நிழல் விழுந்திருப்பது அழகு, அந்த இடத்தில் கோடு போவது அழகு என்று எடுத்து எடுத்துச் சொல்வார். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. யாருடையது என்று தெரியாமலே இத்தனை பேர் சொல்கிறார்களே, அப்படியானால் எனக்கு ஏதோ கைவந்துவிட்டது என்று நம்பினேன். அய்யாவிடம்கூடச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். குருசாமி அட்டைகளிலிருந்து படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் பேசிக்கொண்டே ஒரு படத்தை எடுத்தவர், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இந்தாங்க டீச்சர், உங்களோடது" என்று நீட்டினார். அது என்னுடையதுதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் வேடிக்கையாக இருந்தது.

"பூத்திருக்கே டீச்சர். உங்க கெணத்துத் தண்ணி."

நான் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்த்தால் படம் முழுக்க ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் வரும். நான் அச்சுப் போட்டதையெல்லாம் ஹைப்போ மருந்துக் கரைசலிலிருந்து எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசிக் காயவைப்பேன். அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பே நுரைக்காது. அது படத்திலும் காய்ந்து நிற்கும் என்பது, பிள்ளைகளுக்குச் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்குத் தோன்றவில்லை. குருசாமி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். ராமையா படம் ஓரம் பழுப்பாக இருக்கும், அவர் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், சரியாக அலச மாட்டார். தங்கராசு பிளேடால் வெட்டுவார், ஒரு பக்கம் கோணும். எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம இருக்குமா? சும்மா ஒரு இதுக்குத்தான டின்னு" என்றார்.

தம்பி, அன்று வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. ஒன்றரை வருஷத்துப் பேச்சையும் மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு "நல்லாருக்கு"ம் வேறு மாதிரிக் கேட்டது. அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். ஒரு வார்த்தைக்கு நாலு மாதம் வராமல் இருந்தவள். படத்தைச் சாய்த்துப் பார்த்து, உப்பு தெரிந்ததும் குரலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையிலேயே நன்றாக இருந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது இதில் எது, டீச்சரம்மா மனம் கோணக் கூடாது என்று சொன்னது எது? பிரித்தெடுக்க வழியே இல்லை. அதுதான் என்னை வதைத்தது. நடுநடுவே திட்டியிருந்தால்கூட, நம்பி எடுத்துக்கொள்ள ஒரு படமாவது மிஞ்சியிருக்கும்.

இது இத்தோடு நின்றிருந்தால் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த வாரமே அய்யா வந்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு, வழக்கமாக உடனே கிளம்புகிறவர் உட்கார்ந்தே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வடமதுரையிலிருந்து தங்கராசுவின் அம்மாவும் அக்காவும் நம் ஊருக்கு வந்து பெண் கேட்டிருக்கிறார்கள். நம்மவர்கள்தான், தூரத்து உறவு. "உன்னைய நல்லாத் தெரியும்னாராம்ல அந்த வாத்தியாரு. நீ என்ன தாயி சொல்ற? படிச்ச புள்ள, நீ சொல்றதுதான். தை பொறக்கிறதுக்குள்ள சொல்லிப்புடு" என்றார்.

நீ எழுதும் கடிதங்களில் அப்பாவைப் போல ஒரு மனிதர் கிடையாது என்று எழுதுகிறாய். அன்று எனக்கு அவர், ஒன்றரை வருஷமாக என் முகத்துக்கு நேரே பொய் சொன்ன ஒருவர். கெட்ட பொய் இல்லை, இனிப்பான பொய். ஆனால் கல்யாணம் என்பது ஒரு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லையே. நான் சமைத்ததை, நான் சொன்னதை, நான் செய்த தவறை, எல்லாவற்றையும் இவர் நல்லாருக்கு நல்லாருக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நான் எதை நம்பி நடப்பேன்? பெண் கேட்கிற எண்ணத்தோடுதான் அத்தனை நாளும் நிழலையும் கோடுகளையும் புகழ்ந்தாரா? அவருக்கு உண்மையைச் சொல்லத் தெரியுமா தெரியாதா என்பது தெரியாமல் அய்யாவுக்குப் பதில் சொல்ல முடியாது என்று இருந்தது.

குருசாமியிடம் போனேன். என் நெகடிவ் ஒன்றை அவர் ஸ்டுடியோவிலேயே அச்சிட்டு, அவர் தண்ணீரிலேயே அலசித் தரவேண்டும், அவருடைய நெகடிவ் ஒன்றை நான் என் வீட்டில் அச்சிட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொண்டுவருவேன், இரண்டையும் டின்னில் போட வேண்டும் என்று கேட்டேன். அத்தனை வார்த்தை நான் அவரிடம் பேசியதே அதுதான் முதல் தடவை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது போலீசு வேலையால்ல இருக்கு" என்றார். பிறகு உள்ளே போய், மலைக்கோட்டையும் ஓரத்தில் ஒரு தென்னை மரமுமாக எப்போதோ எடுத்த நெகடிவைக் கொண்டுவந்து கொடுத்தார். பிலிம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தட்டிவிட்டது, இதைவிட மட்டமாகத் தன்னிடம் ஒன்று கிடையாது என்றார்.

நான் கொடுத்தது நானே நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்த படம். வெயில் ஏறிய பிறகு மார்க்கெட்டில் காலிக் கூடைகளுக்கு நடுவில் கத்தரிக்காய் விற்கிற ஒரு அம்மாள் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்தது உப்புப் பூத்த மலைக்கோட்டை. ராமையா லேசாகச் சாய்த்ததை இப்போது என்னால் பார்க்க முடிந்தது. நல்லாருக்கு என்றார். தங்கராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். தென்னையை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்ததால்தான் மலைக்கு ஒரு கம்பீரம் வந்திருக்கிறது என்றார். குருசாமி இருமிக்கொண்டே உள்ளே எழுந்து போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு தெரிந்துவிட்டது, அய்யாவிடம் என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாலைந்து படங்கள் கழித்துத் தூங்குகிற அம்மாள் வந்தாள். உப்பு இல்லை, பழுப்பு இல்லை, ஸ்டுடியோப் பளபளப்பு. குருசாமியுடையது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ராமையா, ஸ்டுடியோவில் வியாபாரம் இல்லையென்று மார்க்கெட்டில் போய்த் தூங்குகிறவர்களைப் பிடிக்கிறாராக்கும் என்று கிண்டல் செய்தார். தங்கராசு சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். என் படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தூங்கிக்கிட்டு இருக்கப் போயி எடுத்திருக்காக. முழிச்சிருந்தா எடுத்திருக்க மாட்டாக. எடுத்தவருக்கு ஆளுகன்னா பயம்."

 அட்டை அடுத்தவருக்குப் போனது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. என்னைப் பற்றி என் அம்மாகூட அப்படி ஒரு வார்த்தையில் சொன்னதில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் வடமதுரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த இடத்துக்குப் போனேன். அவ்வளவு பேர் நடமாடுகிற இடத்தில் ஒரு ஆண்பிள்ளையிடம் நானாகப் போய் நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் முறை. மலைக்கோட்டை என்னுடையது இல்லை சார், தூங்குகிற அம்மாள்தான் என்னுடையது என்று சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது.  "உங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தா அதைச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"அதைத்தான் கேக்க வந்தேன். ஏன் சொல்ல மாட்டீக?"

"ராமையா சொன்ன ஒரு சொல்லுக்கு நாலு மாசம் வரலையே நீங்க. நானும் சொல்லி, அப்புறம் வராமலே போயிட்டா?"

 அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயமான பதில் அவ்வளவு சீக்கிரம் ஒருவர் வாயில் தயாராக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பையில் இன்னொரு படம் இருந்தது, பஸ் நிலையத்தில் மில்லுக்குப் போகிற பெண்கள் வரிசையில் நிற்பது. எடுத்துக் கொடுத்தேன். இது என்னுடையது, என் தண்ணீர்தான், இப்போது சொல்லுங்கள் என்றேன். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. படத்தை வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"இதுலயும் அம்புட்டுப் பேரும் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறாக டீச்சர். உங்களை ஒருத்தரும் பாக்கலை. நீங்க பாக்க விடலை."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் வழியெல்லாம் வேறொன்று குடைந்தது. என் முகத்துக்கு நேரே, என் படம் என்று தெரிந்தே குறை சொல்லிவிட்டார், சரி. ஆனால் குறை சொன்னால்தான் இனி நான் மசிவேன் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்காதா? புகழ்ச்சி எடுபடாது என்று தெரிந்ததும் குறையை எடுத்து நீட்டினாரோ? எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் ஏன் சொன்னார் என்பதைத்தானே பார்க்க முடியாது? சொன்னது சரியா என்பதைப் பார்க்கலாமே. அதற்கு அவர்கூடத் தேவையில்லை, ஒரு பிலிம் சுருள் போதும்.

மார்க்கெட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் விழித்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கலாமா என்று கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "இந்தக் கருவாச்சியப் புடிச்சு என்ன தாயி செய்யப்போற?" என்று கேட்டுவிட்டு, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். அது பாஸ்போர்ட் படம் போல வந்தது. விழித்தவளை எடுத்தும் படம் தேறவில்லை, ஆக வாத்தியார் சொன்னது தப்பு என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனாலும் விட மனமில்லாமல் அடுத்த வாரமும் போனேன். இந்த முறை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கூடையோரம் உட்கார்ந்தேன். நான் யார் மகள் என்று கேட்டாள். அய்யாவின் பெயரைச் சொன்னேன். "உங்கய்யா காயைத் தண்ணி தெளிச்சுல்ல கொண்டாருவாரு, எடை நிக்கணும்னு" என்றாள். எனக்குக் கோபம் வந்து இல்லவே இல்லை என்று வாதாடினேன். நம்பாமல், ஒரு கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள். அப்போது எடுத்தேன்.

அந்தப் படத்தை அலசிக் காயவைத்து எடுத்துப் பார்த்தபோது எனக்கு யாருடைய கருத்தும் வேண்டியிருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதற்கு முன் நான் எடுத்தது ஒன்றிலும் அது இல்லை. வாத்தியார் எந்த எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும், சொன்னது சரி. மார்கழி முடிவதற்குள் அய்யா காய் கொண்டுவந்தபோது, சரி என்று சொல்லச் சொன்னேன்.

உன் அப்பாவை எனக்கு இன்றும் முழுதாக நம்பத் தெரியாது. இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். கல்யாணத்துக்குப் பிறகு என் படங்களில் அவர் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும், இன்று பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டையோ, வெஞ்சனத்தில் உப்புக் குறைந்ததற்குத்தான் இதைச் சொல்கிறாரோ என்றுதான் முதலில் நினைப்பேன். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். பாதிக்கு மேல் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. தப்பாக இருந்த நாட்களில் அதைச் சொல்ல வீட்டுக்கு நான் வேகமாக நடந்து வருவேன்.

இனி உன் படங்கள். மூன்று நாளாக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வர்ணம் அழகு, வெளிச்சம் அழகு, உன் கை நடுங்காத கை. ஆனால் தம்பி, நீ எடுத்த எல்லாரும் சிரிக்கிறார்கள். மீன் விற்கிறவள், ரிக்‌ஷாக்காரர், அந்தக் கிழவர், எல்லாரும். எடுப்பதற்கு முன் நீ எதையோ சொல்லிச் சிரிக்க வைக்கிறாய் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே யாரும் முகம் சுளித்தால் உனக்குத் தாங்காது. உன் நண்பர்களும் உன்னிடம் அப்படித்தான் இருக்கிறார்களோ, நீ கொண்டுபோய் நீட்டும்போதே அவர்களைச் சிரிக்க வைத்துவிடுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் இப்படிச் சொல்வது ஏன் என்று நீ யோசிப்பாய். பம்பாய்க்கு அனுப்ப மனமில்லாமல் அம்மா படத்தில் நொட்டை கண்டுபிடிக்கிறாள் என்று தோன்றும். நானும் அதைத்தான் மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படியும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அதனால் என்னை நம்பாதே. நாளைக் காலையில் அந்த மீன்காரம்மாளிடம் போய் ஒன்றும் பேசாமல், அவள் சிரித்து ஓய்கிற வரைக்கும் நின்று, அதற்குப் பிறகு ஒன்று எடுத்துப் பார். டிக்கெட்டை அதற்கப்புறம் வாங்கு.

அம்மா